மார்கரெத்தே ஸ்டைஃப் அம்மையார்

பெரியோர் சரித்திரம் எழுதப் புகுவோர் வாளேந்தியவரையும், செங்கோலேந்தியவரையும், எழுதுகோலேந்தியவரையுமே பெரும்பாலும் நாடிச் செல்வர். ஊசியேந்தியவரை நாடுவார் மிகச் சிலர். ஆயினும், உலகின் எத்திசையிலும் குழந்தை உறங்கும் படுக்கையருகே பஞ்சடைத்த துணிக்கரடி ஒன்று கிடப்பதைக் காண்கிறோம். அக்கரடியின் குலமுதல்வியைத் தேடிச் சென்றால், ஜெர்மனி தேசத்துச் சிற்றூர் ஒன்றில் சக்கர நாற்காலியில் அமர்ந்து துணி தைத்துக்கொண்டிருந்த ஒரு மாதரசியிடம் போய்ச் சேருவோம். அவரே மார்கரெத்தே ஸ்டைஃப் அம்மையார்.

இவரைப் பற்றி இப்பொழுது எழுத வேண்டிய காரணம் யாதெனின், இந்நாளில் இளைஞரிடையே ஒரு புதிய பொழுதுபோக்கு பரவி வருவதேயாம். திரையில் ஓடியாடும் வீடியோ விளையாட்டுகளில் தோன்றும் விந்தைப் பிராணிகளைத் துணியில் வெட்டி, பஞ்சடைத்து, கையால் தைத்து மகிழ்வோர் பல தேசங்களிலும் உளர். ஜப்பான் தேசத்தார் 1992-ஆம் ஆண்டில் வெளியிட்ட விளையாட்டொன்றில் உருண்டை வடிவுடன் தோன்றிய கிர்பியும், 1996-ஆம் ஆண்டில் வெளிவந்த போக்கிமானில் மஞ்சள் நிறத்தோடு துள்ளிய பிக்காச்சுவும் இவ்வாறு எத்தனையோ வீடுகளில் துணியுருவம் பெற்றுள்ளன. பிறர் வரைந்த உருவைப் பார்த்துப் பொம்மை தைப்பதில் என்ன பெருமை உண்டு, இது சிறுபிள்ளை விளையாட்டன்றோ என்று இகழ்வாரும் இலர் அல்லர். அன்னோர் நம் அம்மையாரின் வாழ்க்கையை ஒருமுறை நோக்குதல் நலம்.

குளச்சலுக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் இடையே அரபிக்கடலோரத்தில் அமைந்த நம் இனயம் போன்ற ஊர்களில் வாழ்வோர்க்கு நூலும் முடிச்சும் புதியன அல்ல. கிழிந்த வலையை மணலில் பரப்பி, கண்ணுக்குக் கண் அளவு பிசகாமல் முடிந்து சரிசெய்யும் கைகள் இவ்வூர்க் கைகள். 1819-ஆம் ஆண்டில் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார் இந்நாட்டுப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அந்நாளில் அடிமைப்பட்டிருந்த பெண்களிற் சிலர் லேஸ் பின்னி ஈட்டிய பொருளைக் கொண்டே தம் விடுதலையைப் பெற்றனர். ஆகவே, ஊசி முனையால் கட்டறுத்தல் என்பது நமக்கு வெறும் அலங்காரச் சொல் அன்று. வேறொரு வகைக் கட்டினை அவ்வூசியாலேயே அறுத்தவர் ஸ்டைஃப் அம்மையார்.

அம்மையார் 1847-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 24-ஆம் நாள், வூர்ட்டம்பெர்க் இராச்சியத்தில் பிரென்ஸ் ஆற்றங்கரையிலுள்ள கீங்கன் என்னும் சிறு நகரில் பிறந்தார். தந்தையார் கட்டடம் கட்டுவிக்கும் மேஸ்திரி. மக்கள் நால்வருள் இவர் மூன்றாமவர். மேரி, பவுலினா என்னும் தமக்கையர் இருவரும், ஃபிரிட்ஸ் என்னும் தம்பியும் இவருடன் பிறந்தோர்.

பிறந்து ஒன்றரை ஆண்டு நிரம்பிய பொழுது குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சல் நீங்கியது, ஆனால் கால்கள் இரண்டும் அசைவற்றன. வலக்கையும் வலுவிழந்து, தூக்கினால் நோகும் நிலையை அடைந்தது. இளம்பிள்ளை வாதம் என நாம் அறிந்த நோய் அதுவே. அந்நோயைத் தடுக்கும் மருந்து 1955-ஆம் ஆண்டிலேதான் பொது வழக்கத்துக்கு வந்தது. நம் இந்திய நாடு அந்நோயினின்று நீங்கியதாக அறிவிக்கப்பெற்றது 2014-ஆம் ஆண்டில். இதனை எண்ணிப் பார்ப்பின், கீங்கன் நகரத்துக் குழந்தையின் துயரம் நமக்கு அத்துணைத் தொலைவில் உள்ளதன்று. இவ்வாறு கால் சூம்பிய முதியோர் இன்றும் நம் ஊர்த் தெருக்களில் உளர் அன்றோ?

அக்காலத்தில் நடக்கவியலாத பெண்மகவின் எதிர்காலம் குறித்துப் பெற்றோர் கொண்ட கவலையைச் சொல்ல வேண்டுவதில்லை. இவள் மணம் புரிவது எங்ஙனம், பிழைப்பது எங்ஙனம், தமக்குப் பின் எவர் கையில் இருப்பாள் என்ற கேள்விகள் அவ்வீட்டை வாட்டின. சிறுமியோ வீட்டு மூலையில் கிடக்க ஒருப்படவில்லை. உடன்பிறந்தோரும் அண்டை வீட்டுப் பிள்ளைகளும் அவளை ஒரு சிறு கைவண்டியில் ஏற்றிப் பள்ளிக்கு இழுத்துச் செல்வர். ஆங்குள்ள படிகளில் அவளைத் தூக்கிச் செல்ல ஒரு பெண்பிள்ளை உதவுவாள். வண்டியில் அமர்ந்தபடியே தெருப்பிள்ளைகளின் ஆட்டங்களில் தானும் கலந்துகொள்வாள்.

1856-ஆம் ஆண்டில், ஒன்பதாவது வயதில், பெற்றோர் அவளை லூட்விக்ஸ்பர்க் நகரத்து மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினர். ஆங்குச் சிகிச்சை நடைபெற்றது. பின்னர் வில்ட்பாட் என்னுமிடத்து வெந்நீர் ஊற்றுகளில் நீராட்டுவித்தனர். கால்கள் அசையவில்லை. வீடு திரும்பிய சிறுமி, இனி நடக்கப் போவதில்லை என்பதை நாளடைவில் தன் உள்ளத்தில் ஏற்றுக்கொண்டாள். பெற்றோர்க்கு அதனை ஏற்றுக்கொள்வது அவளினும் கடினமாக இருந்தது போலும்.

அதன்பின் அவள் கேட்டது தையல் பள்ளி. வலக்கை வலுவில்லாதவள் எங்ஙனம் ஊசி பிடிப்பாள் எனத் தந்தையார் ஐயுற்றார்; அவ்வையம் நியாயமானதே. தொடக்கத்தில் தையல் மெல்லவும் கோணலாகவும் சென்றது. ஆயினும் பதினேழாவது வயதில் பயிற்சி முழுவதையும் முடித்துத் தேர்ந்த தையற்காரியாக வெளிவந்தார் அம்மையார். தமக்கையர் நடத்தி வந்த பெண்டிர் ஆடைத் தையலகத்தில் தாமும் வேலை செய்தார். சிதர் என்னும் தந்தி வாத்தியத்தையும் கற்று, பிறர்க்கும் அதனைப் பயிற்றி, ஊதியம் பெற்றார். அவ்வூதியத்தைச் சேர்த்து வைத்துத் தையல் இயந்திரம் ஒன்றை வாங்கினர். கீங்கன் நகருக்கு வந்த முதல் தையல் இயந்திரம் அதுவே என்பர்.

இங்கே ஒரு சிறு செய்தியைச் சற்று நின்று காணல் வேண்டும். தையல் இயந்திரத்தின் சுழற்சக்கரம் வலப்பக்கத்தில் அமைந்திருப்பது. வலக்கை வலுவற்றவர் அதனைச் சுழற்றுதல் அரிது. அம்மையார் யாது செய்தனர்? இயந்திரத்தைப் பின்முன்னாகத் திருப்பி வைத்துக்கொண்டு, இடக்கையால் சக்கரத்தைச் சுழற்றித் தைத்தனர். உடம்பை இயந்திரத்துக்கு இணங்கச் செய்ய ஒன்பது வயதில் வைத்தியர்கள் முயன்று தோற்றனர். இவரோ இயந்திரத்தைத் தம் உடம்புக்கு இணங்கச் செய்துவிட்டார். இவர் சரித்திரத்தில் எனக்கு மிகவும் உவப்பான பகுதி, பின்வந்த செல்வமும் புகழும் அல்ல. இவ்வியந்திரம் திரும்பிய கதையே.

தமக்கையர் மணம் புரிந்து சென்ற பின்னர் அம்மையார் தனித்துத் தொழில் நடத்தினார். 1874-ஆம் ஆண்டில் தந்தையார் வீட்டைத் திருத்தி, மகளுக்கென ஒரு வேலையறை அமைத்துக் கொடுத்தார். முன்னர் ஐயுற்ற தந்தையே இவ்வாறு செய்தது குறிப்பிடத்தக்கது. கீங்கனில் உறவினர் ஒருவர் ஃபெல்ட் செய்யும் ஆலை நடத்தி வந்தார். ஃபெல்ட் என்பது நெய்யப்படாத துணி; கம்பளி மயிரை நீராலும் வெம்மையாலும் நனைத்து அழுத்தி இறுகச் செய்வது. வெட்டினால் ஓரம் பிரியாது. மடித்துத் தைக்க வேண்டிய தேவையும் இல்லை. 1877-ஆம் ஆண்டில் அம்மையார் ஃபெல்ட் ஆடைக் கடை ஒன்றைத் திறந்தனர். அத்துணியாலாகிய உட்பாவாடைகள் நன்கு விலைபோயின. வேலைக்குப் பெண்களை அமர்த்தும் அளவுக்குத் தொழில் வளர்ந்தது. பிறர் கையை எதிர்நோக்கியிருப்பாள் என அஞ்சப்பட்டவர், முப்பதாவது வயதில் பிறர்க்குக் கூலி கொடுப்பவர் ஆயினர்.

இனி யானையின் கதைக்கு வருவோம். மாதர் ஆடைகளைப் பற்றிய ஜெர்மன் பத்திரிகை ஒன்றில், 1879-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், துணியால் சிறு யானை தைப்பதற்குரிய வெட்டுப்படிவம் ஒன்று வெளிவந்தது. அம்மையார் அதனைக் கண்டு, ஃபெல்ட் துணியில் வெட்டி, கம்பளித் துணுக்குகளை உள்ளே அடைத்து, சில யானைகளைத் தைத்தார். அவை விற்பனைக்காகச் செய்தவை அல்ல. குண்டூசி குத்தி வைக்கும் ஊசிமெத்தையாகப் பயன்படட்டும் என்று சுற்றத்தாருக்கும் தோழியருக்கும் பரிசாகக் கொடுத்தவை. ஆனால் வீட்டுக் குழந்தைகள் அவற்றைக் கண்டனர். ஊசிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு யானையைத் தூக்கிக்கொண்டு ஓடினர் என்று சொன்னால் மிகையாகாது. அந்நாட்களில் ஐரோப்பியக் குழந்தைகளின் பாவைகளுட் பல மரத்தாலும், பீங்கானாலும், மெழுகாலும் ஆனவை. கீழே விழுந்தால் உடைவன, அணைத்தால் உறுத்துவன. அணைத்து உறங்கத்தக்க மெல்லிய பிராணி குழந்தைகளுக்குப் பெரும் புதுமையாயிற்று.

இந்த யானை அம்மையாரின் சொந்தக் கற்பனை அன்று என்பதை வாசகர் கருத்தில் இருத்துக. படிவம் வேறொருவருடையது, பத்திரிகை வாங்கிய எவர்க்கும் அது பொது. நூற்றுக்கணக்கான பெண்கள் அதனைப் பார்த்திருத்தல் கூடும். ஆயினும் துணியைத் தேர்ந்து, அளவறிந்து வெட்டி, உரிய இடத்தில் உரிய இறுக்கத்தோடு பஞ்சடைத்துக் குழந்தையின் கைக்கு இசைந்த பொருளாக்கியது இவர் கை. பிக்காச்சுவைத் தைக்கும் இக்காலத்து இளைஞனும் இவ்வழியில் நிற்பவனே. உருவம் எவருடையதோ; தையல் தன்னுடையது.

தையல் என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். தட்டையான துணி உருண்டு திரண்ட உடம்பாவது எவ்வாறு என்பதை முயன்றவரே அறிவர். ஒரு விலங்கின் பக்கத்தோற்றத்தை இரண்டு துண்டுகளாக வெட்டி ஒன்றோடொன்று தைத்துப் பஞ்சடைத்தால், கிடைப்பது விலங்கன்று. விலங்கின் வடிவில் அமைந்த தலையணையே. நான்கு கால்களில் நிற்க வேண்டுமாயின், வயிற்றையும் கால்களின் உட்புறத்தையும் சேர்த்து வெட்டிய மூன்றாவது பகுதி வேண்டும். முகத்துக்கு அகலம் வேண்டுமாயின், மூக்கிலிருந்து நெற்றி வழியே பிடரி வரை செல்லும் நீண்ட பட்டை ஒன்றை இரு கன்னங்களுக்கும் இடையே வைத்துத் தைத்தல் வேண்டும். கிர்பி போன்ற உருண்டை உருவத்துக்கு, ஆரஞ்சுப் பழத்தின் சுளைகளைப் போல நுனி குவிந்த பல துண்டுகள் தேவை. மயிருள்ள துணியாயின் மயிர் எத்திசையிற் படிகிறது என்பதைப் பார்த்து, எல்லாத் துண்டுகளையும் அத்திசையிலேயே வெட்ட வேண்டும். அன்றேல் உடம்பின் ஒரு பக்கம் ஒளிர, மறுபக்கம் மங்கித் தோன்றும். வெட்டும்பொழுதும் கத்தரியின் நுனியால் அடித்துணியை மட்டுமே வெட்டி, மயிரைக் காத்தல் வேண்டும். துண்டுகளை நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு சேர்த்துத் தைத்து, சிறு வாயில் ஒன்று விட்டு, அவ்வாயில் வழியே முழுவதையும் வெளிப்புறமாகத் திருப்பிப் பஞ்சடைத்து, இறுதியில் நூல் தெரியாமல் வாயிலை மூடுவர்.

திரைப்பிராணிகளைத் தைப்போர்க்கு மற்றொரு சங்கடம் உண்டு. பழைய விளையாட்டுகளில் வரும் பிராணிக்கு முன்புறமோ பக்கமோ உண்டே தவிர, முதுகு பல வேளைகளில் இராது. சில சதுரப் புள்ளிகளால் ஆன அவ்வுருவுக்கு முதுகும் வாலின் அடியும் எவ்வாறிருக்கும் என்பதைத் தைப்பவரே உய்த்துணர்ந்து படைத்தல் வேண்டும். நகல் எடுப்பவன் என்று எள்ளப்படுபவன் படைப்பாளி ஆவது இவ்விடத்தில்தான்.

இனயத்தில் இருந்துகொண்டு இத்தொழிலை முயல விரும்புவோர்க்கு ஒன்றிரண்டு சொல்வது தகும். இலவம்பஞ்சு எளிதிற் கிடைப்பது, மென்மையும் உடையது. ஆயினும் பொம்மையைத் துவைத்தால் கட்டிபட்டு, கடற்காற்றின் ஈரத்தில் உலரத் தாமதிக்கும். குழந்தை கையாளும் பொம்மைக்குத் துவைத்து உலர்த்தத்தக்க செயற்கைப் பஞ்சே ஏற்றது. கண்களைப் பொத்தானால் அமைத்தல் அழகுதான். ஸ்டைஃப் அம்மையார் காலத்துக் கரடிகளுக்கும் காலணிப் பொத்தான்களே கண்களாக இருந்தன. எனினும் கைக்குழந்தை உள்ள வீட்டில் கருநூலால் கண்ணைத் தைத்துவிடுவதே அபாயமற்றது.

நிற்க. யானைகள் வெளியூருக்கும் சென்றன. தம்பி ஃபிரிட்ஸ் ஒரு மூட்டை நிறைய அவற்றைக் கட்டிக்கொண்டு அருகிலுள்ள ஹைடன்ஹைம் சந்தைக்குச் சென்று விற்றார். 1885-ஆம் ஆண்டில் விற்ற யானைகள் 596. மறு ஆண்டில் 5,000-க்கு மேற்பட்டன. யானையைத் தொடர்ந்து குரங்கும், கழுதையும், குதிரையும், ஒட்டகமும், பன்றியும், ஒட்டகச்சிவிங்கியும் பிறந்தன. தம்பியின் உதவியால் எழுந்த புதிய கட்டடத்துக்கு அம்மையார் குடிபெயர்ந்தனர். சக்கர நாற்காலி செல்லுதற்கேற்ற சரிவுப்பாதை அதில் அமைக்கப்பெற்றது. 1893-ஆம் ஆண்டில் அவர் பெயராலேயே ஃபெல்ட் விளையாட்டுப் பொருள் தொழிற்சாலை பதிவாயிற்று. கடை திறந்த பதினாறாம் ஆண்டில் நிகழ்ந்தது இது.

அம்மையார் மணம் புரிந்திலர். தம்பியின் மைந்தர் அறுவரும் அவர் மைந்தரைப் போன்று தொழிலில் வந்து சேர்ந்தனர். அவருள் ரிச்சர்டு என்பவர் ஸ்டுட்கார்ட் நகரில் சித்திரக்கலை பயின்றவர். அந்நகர விலங்குத் தோட்டத்தில் நின்று கரடிகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தவர். 1897-ஆம் ஆண்டில் அத்தையிடம் வந்து சேர்ந்த அவர், 1902-ஆம் ஆண்டில், பிளஷ் என்னும் மயிர்த்துணியால் 55 சென்டிமீட்டர் அளவில், கையும் காலும் அசையுமாறு ஒரு கரடியைச் செய்தார். அதற்கு 55 பி.பி. எனப் பெயரிட்டனர். இத்துணைப் பெரிய கரடியைக் குழந்தைகள் விரும்புவரோ என அம்மையார் முதலில் ஐயுற்றதாகச் சொல்வர். தந்தையார் முன்பு தம்மேற் கொண்ட ஐயத்தை எண்ணியோ என்னவோ, தடை செய்திலர்.

1903-ஆம் ஆண்டு லைப்சிக் நகரச் சந்தையில் அக்கரடியை ஏறெடுத்துப் பார்ப்பார் இல்லை. சந்தை முடியும் தறுவாயில் அமெரிக்க வணிகர் ஒருவர் வந்து 3,000 கரடிகளுக்கு ஆணை கொடுத்துச் சென்றனர். அதற்கு முந்திய நவம்பர் மாதத்தில் அமெரிக்காவில் ஒரு நிகழ்ச்சி நடந்திருந்தது. மிசிசிப்பி மாகாணத்து வேட்டையில், கட்டி வைக்கப்பட்ட கரடியொன்றைச் சுட மறுத்தார் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட். கிளிஃபோர்டு பெரிமேன் என்பார் அதனைப் பத்திரிகையில் கேலிச்சித்திரமாக வரைந்தார். நியூயார்க்கைச் சேர்ந்த புரூக்ளினில் மிட்ச்டம் என்னும் தம்பதிகள் அச்சித்திரத்தைப் பார்த்துத் துணிக்கரடி தைத்து விற்றனர். ரூஸ்வெல்ட்டின் செல்லப் பெயர் டெடி என்பது. கரடியும் டெடி ஆயிற்று. ஆகவே, டெடி கரடியை முதலிற் செய்தவர் இன்னார் என ஒருவரையே சுட்டுதல் முறையன்று. கடலின் இருகரையிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இருவேறு கைகள் அதனைத் தைத்தன.

தேவை பெருகியது. 1907-ஆம் ஆண்டில் மட்டும் கீங்கன் தொழிற்சாலையிலிருந்து 9,70,000-க்கு மேற்பட்ட கரடிகள் வெளிச்சென்றன. தொழிற்சாலைக்குள் ஏறத்தாழ 400 பேரும், தத்தம் வீடுகளிலிருந்து தைத்துக் கொடுப்போர் 1,800 பேரும் உழைத்தனர். இவ்வீட்டுத் தையற்காரிகளின் பெயர்களைச் சரித்திரம் கூறவில்லை. நம் நாட்டில் லேஸ் பின்னியோர் பெயர்களும் அவ்வாறே மறைந்தன.

பொருள் புகழ் பெறவே போலிகளும் கிளம்பின. அதனால், 1904-ஆம் ஆண்டில் ஃபிரான்ஸ் என்னும் மற்றொரு தம்பி மகனின் யோசனைப்படி, ஒவ்வொரு பொம்மையின் காதிலும் உலோகப் பொத்தான் ஒன்று பதிக்கப்பட்டது. முதன்முதலில் அப்பொத்தானில் பொறித்த உருவம் யானையே. பத்திரிகைப் படிவத்தைப் பார்த்துத் தைத்த யானை, பிறர் தம்மைப் பார்த்துத் தையாதிருக்கக் காவல் முத்திரையானது! இதனை முரண் என்று நகைக்கலாம். ஆனால் வேறுபாடு ஒன்றுண்டு. பத்திரிகை அப்படிவத்தை வாசகர் தைத்துக்கொள்ளவென்றே அச்சிட்டது. போலி செய்தவரோ பிறர் பெயரால் பணம் ஈட்ட முயன்றனர். ஆங்கில நாட்டுப் பியட்ரிக்ஸ் பாட்டர் அம்மையாரும், தம் கதையில் வரும் பீட்டர் என்னும் முயலைத் தாமே துணியில் தைத்து, 1903-ஆம் ஆண்டில் அதன் உரிமையைப் பதிவு செய்துகொண்டனர். இன்றும் திரைப்பிராணியைத் தன் மகிழ்ச்சிக்கெனவோ நண்பர்க்குப் பரிசெனவோ தைப்பவர் வேறு. உரிமையுடையாரைக் கேளாமல் நூறு தைத்துச் சந்தையில் வைப்பவர் வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி மயங்குவோர் பலர்.

1906-ஆம் ஆண்டில் தொழில், பங்குடைய கம்பெனியாக மாற்றப்பட்டது. நிருவாகத்தில் தம்பி மைந்தரும் பங்கு பெற்றனர். மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1909-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள், நுரையீரல் அழற்சியால், தமது அறுபத்திரண்டாவது பிராயத்தில், அம்மையார் உயிர் நீத்தனர். ஒன்றரை வயதில் நின்ற கால்கள் இறுதி வரை நடக்கவில்லை.

தொழிற்சாலை தொடர்ந்து நடந்தது. பிறர் சித்திரத்தில் பிறந்த உருவங்களையும் துணியில் ஆக்கும் வழக்கம் பின்னர் ஆங்கும் வந்து, 1930-களில் வால்ட் டிஸ்னியின் மிக்கி எலி, உரிமையாளர் இசைவுடன், காதில் பொத்தான் அணிந்து வெளிவந்தது. அம்மையார் பிறந்த வீடு கீங்கனில் இன்றும் காக்கப்பட்டு வருகின்றது. 2005-ஆம் ஆண்டில் அந்நகரில் இப்பொம்மைகளுக்கென அருங்காட்சியகம் ஒன்றும் திறக்கப்பெற்றது. பழைய ஃபெல்ட் யானைகளையும் எண்ணிறந்த கரடிகளையும் ஆங்குக் காணலாம். ரிச்சர்டு முதன்முதலிற் செய்த 55 பி.பி. கரடிகளுள் ஒன்றேனும் உலகில் எஞ்சியிருப்பதாகக் காணப்படவில்லை.